ஏனோக் சொன்ன தேதி

எங்கள் ஊரில் கரிபூ மானைப் பற்றி ஒரு சந்தேகம் என்றால் ஏனோக்கிடம்தான் போக வேண்டும். போய்ப் பிரயோஜனம் இருக்கிறதா என்றால், இல்லை. அந்த மனுஷர் வாயைத் திறந்து ஒரு பதில் சொல்லிவிட்டால் அன்றைக்கு மழை கொட்டும்.

விஷயம் தெரியாதவர் அல்ல. துருவத்தை ஒட்டிய எங்கள் கோபுக் ஆற்றங்கரையில் ஐம்பது வருடமாக வேட்டையாடுகிறவர். ஆகஸ்ட் கடைசியில் போனால் தோல் நன்றாக இருக்கும், முடி குட்டையாக இருக்கும், சட்டை தைக்க ஆகும். ஆனால் முதுகில் கொழுப்பு ஏறியிருக்காது, உரித்த இறைச்சியில் ஈ மொய்த்துவிடும். செப்டம்பர் நடுவில் கிடாக்களின் முதுகில் இரண்டு விரல் கனத்துக்குக் கொழுப்பு நிற்கும். காற்றும் குளிர்ந்திருக்கும், தொங்கவிட்ட தொடை பத்து நாள் ஆனாலும் கெடாது. அக்டோபர் பிறந்து ஒரு வாரம் போனால் கிடாக்களுக்குப் பெட்டை நினைப்பு வந்துவிடும். அதற்குப் பிறகு கிடா இறைச்சியைச் சட்டியில் போட்டால் நாற்றத்தில் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு ஓட வேண்டியதுதான். இதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒரு காலத்தில் செப்டம்பர் பத்துக்கும் இருபதுக்கும் இடையில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருக்கலாம். ஆனாலும் சொன்னதில்லை.

எங்களில் யாருமே சொல்ல மாட்டோம். தன்னைப் பற்றிப் பேசுவது கரிபூவுக்குக் கேட்கும். 'நாளைக்கு வரும், நாலு அடிப்பேன்' என்று மார்தட்டுகிறவன் இருக்கும் பக்கமே அது திரும்பாது. துப்பாக்கி, கூடாரம், பெட்ரோல் எல்லாவற்றையும் படகில் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறவனைக் கேட்டால்கூட, "சும்மா ஆத்துப் பக்கம் பாத்துட்டு வரேன்" என்றுதான் சொல்வான். நல்ல வழக்கம்தான். ஆனால் ஏனோக்கை மகளிடமிருந்து தள்ளி வைத்ததும் அதுதான்.

மகள் வெர்னா ஆங்கரேஜ் நகரத்தில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறாள். வருடத்துக்கு ஒரு வாரம் விடுப்பு, அதையும் இரண்டு மாதம் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். அம்மா லூலா இறந்த பிறகு ஒவ்வொரு ஜூலையிலும் அப்பாவைத் தொலைபேசியில் கூப்பிடுவாள். ஏனோக்கிடம் கைபேசி கிடையாது. ஊர்க் கடைக்குப் போய், கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று பேசுவார்.

"அப்பா, வேட்டைக்கு எந்த வாரம் வரட்டும்?"

"வர்றப்ப வரும்."

"கரிபூ வர்றப்ப வரட்டும். நான் எப்ப வர்றது?"

அவர் ஆற்றில் தண்ணீர் ஏறியிருப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். பிறகு கரிபூ வரும், அவர் கடைக்கு ஓடிப்போய்ச் சொல்வார், அவளுக்கு விடுப்பு இருக்காது. மூன்று வருடம் இப்படியே போயிற்று.

தனியாக இருப்பது ஏனோக்குக்குப் பிடிக்கும் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. பிடிக்காது, கொஞ்சம்கூடப் பிடிக்காது. எங்கள் வீடுகளில் எல்லாம் ஒரு ரேடியோ பெட்டி உண்டு. பொத்தானை அழுத்தி ஒருவர் பேசினால் ஊருக்கே கேட்கும். பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுவது, 'எங்க வீட்டு நாயைப் பாத்தீங்களா', 'காபி போட்டிருக்கேன், யார் வர்றீங்க' எல்லாம் அதில்தான். ஏனோக் காலையிலிருந்து படுக்கப் போகும்வரை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். பொத்தானை மட்டும் தொட மாட்டார். காபிக்கு அவர் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தால் போயிருப்பார்.

நாலாவது ஜூலையில் வெர்னா கறாராகச் சொல்லிவிட்டாள். "இந்த வருஷம் நீ தேதி சொல்லலைன்னா, இனிமே கேக்க மாட்டேன்பா."

நாலு நாள் அவருக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. ஐந்தாம் நாள் கடைக்குப் போய் எண்ணைச் சுழற்றி, "செப்டம்பர் பதினாலு" என்று சொல்லிவிட்டு உடனே வைத்துவிட்டார். கல்லாவில் இருந்த டெல்லாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஏனோக் அண்ணே, கரிபூவுக்கா தேதி சொன்னீங்க? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"ரெண்டு சிப்பம் காபித்தூள் குடு" என்றார் ஏனோக்.

ஆகஸ்ட் போயிற்று. செப்டம்பர் பிறந்தும் சட்டையைக் கழற்றிவிட்டுத் திரிகிற அளவுக்கு வெக்கை. இப்போதெல்லாம் இப்படித்தான் இருக்கிறது. வடக்கு மலைக்கு அந்தப் பக்கம் பனி விழுந்தால்தான் கரிபூக்கள் நகரும். பதினோராம் தேதி ஏனோக் தன் வேட்டை முகாம் வரைக்கும் படகில் போய்ப் பார்த்தார். கரை மணலில் ஒரு குளம்புத் தடம் இல்லை. ஒரு நரியின் தடம் இருந்தது, அதுவும் பழையது.

மறுநாள் வெர்னா கடைக்குக் கூப்பிட்டாள்.

"அப்பா, நாளன்னிக்குக் கெளம்பணும். கரிபூ வந்துடுச்சா? வரலைன்னா நெஜத்தைச் சொல்லு. சிநேகிதிங்க டிசம்பர்ல ஹவாய் போறாங்க, என்னையும் கூப்பிடுறாங்க. லீவை அதுக்கு மாத்திக்குவேன்."

ஏனோக் கடைச் சுவரைப் பார்த்தார். டின்னில் அடைத்த பீச் பழங்கள் அடுக்கியிருந்தன. லேபிளை ஒரு தடவை முழுக்கப் படித்தார்.

"வந்துடுச்சு. முகாமுக்கு நேரா ஆத்தைக் கடக்குதுங்க."

இப்படி ஒரு பொய்யை எங்கள் ஊரில் அதற்கு முன்னால் யாரும் சொன்னதில்லை. பெண்டாட்டியிடம் பொய், பாதிரியாரிடம் பொய் எல்லாம் சகஜம். வராத கரிபூவை வந்தது என்று சொல்ல எங்கள் ஆட்களுக்கு நாக்கு எழும்பாது. வேறு யாராவது சொல்லியிருந்தால் டெல்லாகூடச் சந்தேகப்பட்டிருப்பாள். சொன்னவர் ஏனோக். அவர் வீட்டு வாசற்படி ஏறும்போதே உள்ளே டெல்லாவின் குரலில் ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. "ஏனோக் அண்ணன் பாத்துட்டு வந்திருக்காரு! முகாமுக்கு நேரா கடக்குதாம்!"

அரை மணி நேரத்தில் ஆற்றங்கரை திருவிழாவாகிவிட்டது. ஏழு படகுகள் கிளம்பின. ஏனோக் ரேடியோவின் பேசு குழலைக் கையில் எடுத்தார். பொத்தானை அழுத்தி, 'போகாதீங்க, ஒண்ணும் வரல' என்று சொன்னால் போதும். ஆனால் டெல்லாவின் தங்கை ஆங்கரேஜில்தான் இருக்கிறாள், இருட்டுவதற்குள் வெர்னாவின் காதுக்குப் போய்விடும். குழலைப் பிடித்தபடியே நின்றார். ஏழாவது படகின் சத்தம் வளைவில் மறைந்த பிறகு அதை மாட்டினார்.

பதினான்காம் தேதி குட்டி விமானத்தில் வெர்னா வந்து இறங்கினாள். அன்று காலையில்தான் படகுகள் ஏழும் வெறுங்கையோடு திரும்பியிருந்தன. யாரும் ஏனோக்கைத் திட்டவில்லை. எங்கள் ஊரில் திட்டுவது கிடையாது, பார்க்காமல் இருப்பதுதான் உண்டு. எப்போதும் மூட்டை தூக்க ஓடிவருகிறவர்கள் அன்று விமானத்தின் சக்கரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

"என்னப்பா, ஊர்ல எழவா?" என்றாள் வெர்னா.

"இல்ல. வா, வெளிச்சம் இருக்கும்போதே முகாமுக்குப் போயிடலாம்."

முகாமில் ஆறு நாள். மகள் வந்துவிட்டாள், அவருக்குத் தலைகால் புரியவில்லை. விடியும் முன்பே எழுந்து அவளுக்காக அடுப்பு மூட்டினார். வலையில் விழுந்த மீனில் கொழுத்ததை அவளுக்கு வைத்தார். அவள் மலைச்சரிவில் பழம் பொறுக்கும்போது, கரடிக்குக் காவல் என்று சொல்லிக்கொண்டு பின்னாலேயே போய் நின்றார். ஆனால் அவள் தலையைத் திருப்பி ஆற்றைப் பார்க்கும்போதெல்லாம் அவர் விறகு பொறுக்கக் கிளம்பிவிட்டார். எதிர்க்கரையில் அசைந்ததெல்லாம் காற்றில் ஆடும் வில்லோப் புதர்தான்.

ஐந்தாம் நாள் மத்தியானம் வெர்னா கரையோரமாக ரொம்ப தூரம் நடந்துவிட்டு வந்தாள். வந்து அடுப்புக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"தடம் ஒண்ணுகூட இல்லப்பா. நான் சின்னப் பிள்ளை இல்ல, நீ சொல்லிக் குடுத்ததுதான். இங்க ஒரு கரிபூவும் கடக்கல, இல்ல?"

"இல்ல."

"அப்புறம் ஏன்பா சொன்னே?"

"நீ ஹவாய்க்குப் போயிடுவேன்னுதான்."

வெர்னா அவரையே பார்த்தாள். முதலில் சிரிப்புத்தான் வந்தது அவளுக்கு. அப்புறம் முகம் மாறிவிட்டது.

"அப்ப ஊரே மூஞ்சியைத் திருப்பிக்கிட்டது இதுக்குத்தானா? ஊருக்கே பொய் சொல்லத் தெரியுது உனக்கு. 'எனக்கு உன்னைப் பாக்கணும், வா'ன்னு சொல்லத் தெரியல. மூணு வருஷமா நான் என்ன கரிபூவைப் பத்தியாப்பா கேட்டேன்?"

ஏனோக் விறகை நகர்த்தி வைத்தார். வெர்னா எழுந்து மீனைத் திருப்பிப் போட்டாள்.

இருபத்தொன்றாம் தேதி விமானத்தில் ஏறும்போது அவர் சொன்னது இதுதான்: "நாளைக்கு வந்தாலும் வரும்."

"வரட்டும்பா" என்றாள் வெர்னா. திரும்பிப் பார்க்காமல் ஏறிவிட்டாள்.

அந்த மனுஷரை அடித்துக் கேட்க வேண்டும் போல் எனக்கு இப்போதும் ஆத்திரமாக வருகிறது. ஆனால் அதற்குப் பிறகு அவர் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்குக் கோபம் நிற்காது. கடைக்குப் போனால் டெல்லா கேட்டதை எடுத்துக் கொடுப்பாள், அண்ணே என்று சொல்ல மாட்டாள். வீட்டுக்கு வந்தால் ரேடியோவில் ஊர் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கும். மூன்று வாரம் ஒரு மனிதக் குரலும் அவரைப் பார்த்துப் பேசவில்லை. அவர் இளைத்துவிட்டார்.

அக்டோபர் பன்னிரண்டாம் தேதி கரிபூ வந்தது. பனி விழுந்து, ஆற்றின் ஓரமெல்லாம் கண்ணாடியாக உறைந்துகொண்டிருந்த நேரம். முகாமில் அவர் ஒற்றையாளாக இருந்தார். முதல் கூட்டத்தைப் போக விட்டார். முன்னால் போகிறவற்றைச் சுட்டால் பின்னால் வருகிறவை வழி மாறிவிடும். பிறகு வந்தவற்றில், கிடாக்களை விட்டுவிட்டு மூன்று பெட்டைகளை அடித்தார். பனிக்கட்டிகளுக்கு நடுவே படகைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்து, வீட்டுக்குள் போய், வாழ்க்கையில் முதல் தடவையாக ரேடியோவின் பொத்தானை அழுத்தினார்.

"ஏனோக் பேசறேன். இப்ப வந்துடுச்சு, இது நெஜம். அன்னிக்குச் சொன்னது பொய். பொண்ணு வரணும்னு சொன்னேன்."

ரேடியோவில் யாரோ ஒருவர், "கேட்டுச்சு" என்றார். அவ்வளவுதான். இறைச்சியை ஏழு பங்காக வெட்டி, ஏழு படகுக்காரர்களின் வீட்டு வாசலிலும் வைத்துவிட்டு, ரத்தம் காயாத சட்டையோடு கடைக்குப் போனார். டெல்லா தொலைபேசியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"கரிபூ வந்துடுச்சு" என்றார்.

"நெஜமாவா?" வெர்னாவின் குரல் வெட்டியது போல் இருந்தது.

"நெஜம். கிடாவெல்லாம் நாறுது. ஆறு உறையுது, இன்னும் ரெண்டு நாள்ல படகும் போகாது. வேட்டைக்கு இதைவிட மோசமான நேரம் கெடையாது." மூச்சு வாங்கிக்கொண்டார். "நீ வா."

அந்தப் பக்கம், பல் மருத்துவமனைக் கூடத்தில் யாரோ ஒருவரின் பெயரைக் கூப்பிடுவது கேட்டது.

"லீவு தீந்துடுச்சேப்பா."

"தெரியும். லீவுக்காகச் சொல்லல. உன்னைப் பாக்கணும் போல இருக்கு. அதான் வான்னு சொன்னேன்."

வெர்னா அழுதாள். அழுது முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இதை ஜூலையில சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

"ஆமா" என்றார் ஏனோக். "சொல்லியிருக்கலாம்."