தொழுகைக்காக நிறுத்தப்பட்ட கூட்டம்

என் வாழ்நாளில் நான் எழுதி அச்சேறிய சட்டக் கட்டுரை ஒன்றே ஒன்றுதான். பதினாறு பக்கம், முப்பத்தொரு அடிக்குறிப்பு. அது ஓர் ஆங்கிலச் சட்டச் சஞ்சிகையில் வந்தது. மற்றவர்கள் பாம்புக்கும் பேய்க்கும் பயப்படுவார்கள். நான் மண்ணிற அட்டை போட்ட ஒரு சஞ்சிகைக்குப் பயந்தவன். சிரிக்க விரும்புகிறவர்கள் இப்போதே சிரித்துவிடலாம், பிறகு அதற்கு இடம் வராது.

எழுபதுகளின் தொடக்கம். திருகோணமலை நீதிமன்றத்தில் நான் புதிதாகக் கறுப்புக் கோட்டு மாட்டியிருந்தேன். கோட்டு இருந்தது, வழக்குத்தான் வரவில்லை. சாப்பாடும் படுக்கையும் அக்கா வீட்டில். வீடு என்று சொல்கிறேனே தவிர, அது அக்காவுடையதுமில்லை, அத்தானுடையதுமில்லை. அத்தான் வேலை பார்த்த கம்பனி கொடுத்த வீடு. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி, மரக்கறி, குடிதண்ணீர் கொடுக்கும் சின்னக் கம்பனி அது. அத்தான் அங்கே தலைமைக் கிளாக்கர். அவருக்குக் கீழே வேறு கிளாக்கர் யாரும் இருக்கவில்லை என்பது வேறு விஷயம். மூன்று பெண்பிள்ளைகள். வேலை போனால் அந்த மாதமே வீடும் போகும், இது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

கம்பனிக்குப் பணிப்பாளர்கள் மூன்று பேர். பட்டணத்தைச் சேர்ந்த அண்ணனும் தம்பியும் இருவர். அண்ணன்தான் தலைவர், எல்லோரும் அவரைப் பெரியவர் என்போம். மூன்றாமவர் கிண்ணியாவில் அரிசி ஆலை வைத்திருந்த ஹாஜியார். மாதம் ஒரு முறை மூவரும் கூடிக் கூட்டம் நடத்த வேண்டும், கூட்டத்துக்கு வந்தவருக்கே பணிப்பாளர் சம்பளம் என்று கம்பனியின் விதிகளில் இருந்தது. அந்தச் சம்பளத்தைச் செலவென்று காட்டினால் வரி குறையும். அதனால் கொழும்பிலிருந்து வரும் வரி அதிகாரி முதலில் கேட்பது, கூட்ட அறிக்கைகள் எழுதும் மினிட்ஸ் புத்தகத்தைத்தான். தலைவர் கையெழுத்திட்ட மினிட்ஸ் இருந்தால், கூட்டம் நடந்ததென்றே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

கூட்டம் ஒன்றுகூட நடந்ததில்லை. மினிட்ஸை அத்தான்தான் எழுதினார், மூவரும் கையெழுத்து வைத்தார்கள்.

ஒரு மாலை சாப்பாட்டு மேசையில் அவரே சிரித்துச் சிரித்து இதைச் சொன்னார். ஏனோதானோவென்று எழுதுகிற ஆள் அவர் இல்லை. மாரிகாலத்தில் வெள்ளம் வந்து கிண்ணியாத் துறையில் பாதை ஓடாத நாட்களைக் குறித்து வைப்பார். பாதை என்றால் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடலைக் கடக்கும் மிதவை. அந்த நாட்களில் கூட்டம் வைக்கமாட்டார். ஹாஜியார் எப்படி வந்திருப்பார்?

"மூண்டு மணிக்குக் கூட்டம் துவங்கும். மூண்டரைக்கு அஸர் தொழுகைக்காக இருபது நிமிசம் நிப்பாட்டுவன். பிறகு திரும்பத் துவங்கும்" என்றார் அத்தான்.

"நடக்காத கூட்டத்துக்கு எதுக்கு அத்தான் தொழுகை?"

"ஹாஜியார் வந்திருந்தா தொழாமல் இருப்பாரோ? மனுசனை அவமதிக்க ஏலாது."

அக்கா குசினிக்குள் இருந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் என் மூளைக்குள் வேறொன்று ஓடியது, அந்த அசிங்கத்தையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

எனக்குக் கொழும்பில் சட்ட விரிவுரையாளர் ஆகவேண்டும் என்று ஆசை. விண்ணப்பித்தபோது, அச்சில் வந்தது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். எழுத உட்கார்ந்தேன். கூட்ட அறிக்கையில் கையெழுத்து இருக்கிறது என்பதற்காக வரித் திணைக்களம் அதை நம்பலாமா? பொய் அறிக்கைக்குப் பொறுப்பு எழுதியவருக்கா, கையெழுத்திட்ட பணிப்பாளருக்கா? கையெழுத்திட்டவருக்கே என்று பத்துப் பக்கம் வாதாடினேன். நல்ல வாதம், இப்போதும் சொல்வேன். உதாரணத்துக்கு ஒரு கம்பனி வேண்டியிருந்தது. பேரில்லை, ஊரில்லை, ஏதோ ஒரு துறைமுகம் என்று மட்டும் எழுதினேன். கப்பலுக்கு அரிசி கொடுப்பதைக் கயிறு விற்பதாக மாற்றினேன். எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, பத்தொன்பதாம் அடிக்குறிப்பில், நடக்காத கூட்டம் தொழுகைக்காக நிறுத்தப்பட்டதை மட்டும் அப்படியே விட்டேன். அழகான வரி அது, வெட்ட மனம் வரவில்லை. அத்தானிடம் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை.

சஞ்சிகை வந்த அன்று தலைகால் தெரியாத சந்தோஷம். மூன்றாம் நாள் நீதிமன்ற நூலகத்தில் ஒரு மூத்த சட்டத்தரணி என் தோளில் தட்டினார். அந்தக் கம்பனியின் வழக்குகளைப் பார்ப்பவர் அவர்தான்.

"பத்தொன்பதாம் குறிப்பு வாசிச்சனான். நல்லாச் சிரிச்சன். எங்கட ஊரில இப்பிடி எத்தினை கம்பனி இருக்கும், தம்பி?"

துறைமுகம், நடக்காத கூட்டம், தொழப் போகும் ஒரு பணிப்பாளர். விரல்விட்டு எண்ணுவதென்றால் ஒரு விரல் போதும். கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் போனபின், நூலகத்துப் பிரதியைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு வெளியே நடந்தேன். சட்டம் படித்தவன் செய்த முதல் திருட்டு. வீட்டில் அலுமாரிக்கு மேலே, பழைய பாய்க்குள் சுருட்டி வைத்தேன்.

அதற்குப் பிறகு மூன்று கிழமை நான் மனிதனாக இருக்கவில்லை. வாசலில் சைக்கிள் மணி கேட்டால் ஜன்னலால் எட்டிப் பார்ப்பேன். அத்தான் வேலையால் வந்து கேற்றைத் திறக்கும்போது முதலில் அவர் முகத்தைப் பார்ப்பேன். அவர் வழக்கம்போல் இருந்தால் ஒரு நாள் தப்பியது என்று எண்ணுவேன். பெண்பிள்ளைகள் கூடத்தில் பாடம் படிக்கும் சத்தம் கேட்கும். இந்தச் சுவர்கள் இவர்களுடையதில்லை என்ற நினைப்பு வரும், பாதிச் சாப்பாட்டில் எழும்பிவிடுவேன். சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு காலையும் இன்றைக்குச் சொல்வோம் என்று எழும்பினேன். ஒவ்வொரு காலையும் எனக்கு வாய் வரவில்லை. கோழை என்று என்னை நானே திட்டிக்கொண்டது மட்டும் மிச்சம்.

ஒரு வெள்ளிக்கிழமை அத்தான் முகமெல்லாம் மலர்ச்சியாக வந்தார்.

"கேட்டியே தம்பி! பெரியவர் உண்மையாவே கூட்டம் வைக்கப் போறாராம். வாற புதன் மூண்டு மணிக்கு. சட்ட ஆலோசகரா நீயும் வரவேணுமாம், காசும் தருவினமாம். பார், அறிவித்தல் நான்தான் ரைப் பண்ணினனான்."

கையில் தந்தார். முறைப்படியான அறிவித்தல். ஐந்து விஷயங்கள் வரிசையாக இருந்தன. ஐந்தாவது: ஊழியர் ஒருவர் தொடர்பான விஷயம்.

"இது யாரைப் பற்றி அத்தான்?"

"ஆற்றையும் சம்பளத்தைக் கூட்டுறதுக்காக இருக்கும். நான் கேக்கேல்லை."

புதன்கிழமை அவர் வெள்ளைச் சேட்டை அக்காவைக் கொண்டு இஸ்திரி போடுவித்தார். புதுப் பேனைக்கு மை நிரப்பினார். இரண்டு பேரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தோம். வழியில் இரண்டு தடவை "அத்தான்" என்று கூப்பிட்டேன். இரண்டு தடவையும் அவர் திரும்பிப் பார்த்தார். ஒன்றுமில்லை என்றேன்.

கந்தோர், அதாவது கம்பனி அலுவலகம், மேல்மாடியில் இருந்தது. ஜன்னலால் பார்த்தால் உள்துறைமுகம் அசையாமல் கிடக்கும். மேசைத் தலைமாட்டில் பெரியவர், பக்கத்தில் தம்பி, எதிரே ஹாஜியார். பெரியவருக்கு முன்னால் மண்ணிற அட்டைச் சஞ்சிகை கிடந்தது. நான் திருடியது நூலகத்துப் பிரதியை, மூத்த சட்டத்தரணி கொடுத்தது தன் சொந்தப் பிரதியை.

பெரியவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

"தம்பி எழுதினது முழுக்க வாசிச்சன்" என்றார். "கூட்டம் எப்பிடி நடக்கவேணுமெண்டு வடிவா எழுதியிருக்கிறீர். இண்டைக்கு அப்பிடியே நடத்துவம். பிழை இருந்தாச் சொல்லும்."

அத்தான் மினிட்ஸ் புத்தகத்தை விரித்துக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெருமையாகத்தான் உட்கார்ந்திருந்தார். என் கட்டுரை பற்றிய பேச்சை, என்னைப் பாராட்டுவதாக எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். முதல் விஷயம் முடிந்தது, இரண்டாவது, மூன்றாவது. நான்காவது முடிந்தபோது ஹாஜியார் மணிக்கூட்டைப் பார்த்து எழுந்தார்.

"அஸருக்கு நேரமாயிட்டு. இருவது நிமிசம் தாங்க."

அவர் பள்ளிவாசலுக்கு இறங்கிப் போனார். அண்ணனும் தம்பியும் வெளி விறாந்தையில் சுருட்டுப் பற்றவைத்தார்கள். அறையில் நானும் அத்தானும் மட்டும்.

"பார்த்தியே, மூண்டரை. நான் எழுதினதெல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கிறன்" என்றார் அத்தான்.

அப்போதுதான் சொன்னேன். பயம் முற்றினால் வாய் தானாகத் திறக்கும் போலிருக்கிறது. அவர் சொன்ன கதையை எழுதினேன் என்றும், அதிலிருந்து கண்டுபிடித்துவிட்டார்கள் என்றும், ஐந்தாவது விஷயம் அவர்தான் என்றும் சொன்னேன். அத்தான் பேனையின் மூடியைத் திருகித் திருகிப் பூட்டினார்.

"அந்தத் தொழுகைக் கதையையும் எழுதினியோ?"

"ஓம்."

"அது ஏன் தம்பி? அது நான் அந்த மனுசனுக்காகச் செய்தது."

மாடிப்படியில் ஹாஜியாரின் காலடிச் சத்தம் கேட்டது.

ஐந்தாவது விஷயத்தைப் பெரியவரே பிரேரித்தார். நடக்காத கூட்டங்களுக்குக் கிளாக்கர் பொய்யாக அறிக்கை எழுதியிருக்கிறார், பணிப்பாளர்கள் அவரை நம்பிக் கையெழுத்திட்டார்கள், ஆகவே இன்றோடு அவரை வேலையிலிருந்து நீக்குவது. வரிக் கந்தோர் நாளைக்கு வந்து கேட்டால் காட்டுவதற்கு ஒரு குற்றவாளி வேண்டும், அவ்வளவுதான். அவருடைய தம்பி ஆமோதித்தார். ஹாஜியார் கையைத் தூக்கவில்லை.

"நான் இல்லாத கூட்டத்திலயும் என்ட தொழுகைக்கு நேரம் விட்ட மனிசன் இவர். நாம மூணு பேரும் தெரிஞ்சுதானே கையெழுத்து வெச்ச. நான் இதுக்கு எதிர்."

"இரண்டுக்கு ஒண்டு" என்றார் பெரியவர். பிறகு என் பக்கம் திரும்பினார். "சட்ட ஆலோசகர் சொல்லட்டும். எல்லாம் சட்டப்படி சரிதானே?"

பதினாறு பக்கத்தில் பத்துப் பக்கம் நான் எழுதியது இதைத்தான். பொறுப்பு கையெழுத்திட்டவருக்கு. சஞ்சிகை அவர் கைக்கடியில்தான் கிடந்தது. ஒரு வசனம் போதும். அந்த ஒரு வசனத்தைச் சொன்னால் இந்த மனிதர் என்னைச் சும்மா விடமாட்டார், மூத்த சட்டத்தரணி என்னை நீதிமன்றப் பக்கம் அண்டவிடமாட்டார், கொழும்புக்கு ஒரு கடிதம் போகும். இவ்வளவும் ஒரு நொடியில் எனக்குள் ஓடியது. அக்காவோ, மூன்று பெண்பிள்ளைகளோ அந்த நொடியில் என் நினைவில் வரவில்லை. வந்தார்கள் என்று எழுத ஆசைதான்.

"அறிவித்தல் கொடுத்திருக்கு. வாக்கெடுப்பு நடந்திருக்கு" என்றேன். "ஓம். சரி."

அத்தான் எழுதினார். எப்போதும்போல் முத்து முத்தான எழுத்து. எழுதி முடித்துப் புத்தகத்தைப் பெரியவரிடம் கொடுக்குமுன் என் பக்கம் திருப்பினார்.

"பார் தம்பி. நடந்தபடி எழுதியிருக்கிறன். ஏதும் விடுபட்டிருக்கோ?"

வாசித்தேன். கூட்டம் மூன்று மணிக்குத் தொடங்கியது. மூன்றரைக்குத் தொழுகைக்காக இருபது நிமிடம் நிறுத்தப்பட்டது. கிளாக்கரை நீக்கும் பிரேரணை இரண்டுக்கு ஒன்றாக நிறைவேறியது. அதற்குக் கீழே கடைசி வரி: சட்ட ஆலோசகர் இன்னாரிடம் அபிப்பிராயம் கேட்கப்பட்டது, எல்லாம் சரியென்று அவர் கூறினார்.

அந்த மாதக் கடைசியில் அக்கா சட்டிபானைகளை வண்டிலில் ஏற்றினாள். அலுமாரியை இறக்கும்போது பாய்க்குள்ளிருந்து சஞ்சிகை விழுந்தது. அவள் அதை எடுத்துத் தூசு தட்டி, உன்னுடைய புத்தகம் என்று என்னிடம் தந்தாள். அவளுக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. எனக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது. இருபது வருஷம் கம்பனிச் சட்டம் படிப்பித்தேன், பணிப்பாளர் பொறுப்பு என்ற பாடம் வரும் நாளில் மட்டும் சுகமில்லை என்று லீவு போடுவேன்.

இதை எழுதும்போது ஒருவருடைய பேரையும் நான் சொல்லவில்லை. முன்பும் அப்படித்தான் சொல்லவில்லை, அதனால் யாரையும் காப்பாற்றவும் முடியவில்லை. ஆனால் அந்த மினிட்ஸ் புத்தகத்தில் அத்தான் ஒன்றையும் மறைக்கவில்லை. அந்தக் கடைசி வரியில், தகப்பன் பேரின் முதலெழுத்தோடு, அவருடைய அழகான கையெழுத்தில், என்னுடைய முழுப் பெயர் இருக்கிறது.