வேவாவின் புறங்கை

புறங்கையைத்தான் விடுவாள். முதலில் சாம்பலுக்கு ஒரு சாண் மேலே பிடித்துப் பார்ப்பாள். பிறகு இரண்டு விரற்கடை. பிறகு முழங்கால் இரண்டையும் மண்ணில் ஊன்றி, மணிக்கட்டு முங்கும்வரை சாம்பலுக்குள் கையைச் செருகிக் கண்ணை மூடிக்கொள்வாள். அந்த நேரத்தில் பக்கத்தில் கரடியே வந்து உறுமினாலும் அவள் காதில் ஏறாது. கால் நிமிஷம், அரை நிமிஷம். கையை உருவிக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, "செத்துடுச்சு, கிளம்புங்க" என்பாள். இல்லாவிட்டால், "மூச்சு இருக்கு. வாளி எங்க?" என்பாள். இந்த இரண்டைத் தவிர மூன்றாவது தீர்ப்பு அவளிடம் கிடையாது.

சம்பளப் பட்டியலில் ஹெனோவேவா அர்சுலேத்தா என்று இருக்கும். பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் வேவா. வயது அறுபத்து மூன்று. வடக்கு நியூ மெக்ஸிகோவின் தேசியக் காட்டில், வேகா ரெதோந்தா முகாமை இருபத்திரண்டு கோடைகளாகப் பார்த்துக்கொள்கிறாள். மே மாதம் பனி உருகிப் பாதை தெரிந்ததும் இழுவை வீட்டை வண்டியில் பூட்டிக்கொண்டு மேலே ஏறினால், அக்டோபரில் பனி வந்து துரத்தும்போதுதான் இறங்குவாள். முகாமில் இருபத்துநான்கு கூடார இடங்கள். ஒவ்வொன்றிலும் தரையில் பதித்த ஓர் இரும்பு அடுப்பு வளையம். கடைசி எண் இடம் வேவாவுடையது.

கழிப்பறை கழுவுவது, குப்பை வாருவது, மரத்தில் அடித்த ஆணியைப் பிடுங்குவது, இரவில் சாப்பாட்டுப் பெட்டியை வெளியே வைத்துவிட்டுத் தூங்கியவர்களின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் வீட்டில் வைத்துக்கொண்டு, காலையில் கேட்டு வருபவர்களிடம் கரடியின் குடும்பத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டுத் திருப்பித் தருவது, எல்லாம் அவள் வேலைதான். பெட்டியில் ஒரு துண்டு சாக்லேட் குறைந்திருந்தால் அதைக் கரடிக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

வருகிறவர்கள் கேட்கிற கேள்விகளுக்கு அவள் முகம் மாறாமல் பதில் சொல்லும் அழகைப் பார்க்க வேண்டுமே. "இந்த ஏரியை எத்தனை மணிக்கு மூடுவீங்க?" என்று ஒருவர் கேட்டார். "ஆறு மணிக்கு. ஆனா மூடி தொலஞ்சு போச்சு, அதனால இந்த வருஷம் திறந்தே கிடக்கு" என்றாள். நட்சத்திர வெளிச்சத்தில் தூக்கம் வரவில்லை என்று புகார் சொன்ன அம்மாளிடம், "மேலிடத்துக்குத் தெரியப்படுத்தறேன்" என்று சொல்லி, நிஜமாகவே ஒரு தாளை எடுத்துக் குறித்துக்கொண்டாள்.

நெருப்பு விஷயத்தில் மட்டும் விளையாட்டு கிடையாது. அரை வாளி தண்ணீர், கிளறல், மறுபடி அரை வாளி, மறுபடி கிளறல், கடைசியில் கை. உள்ளங்கையை நம்ப மாட்டாள். "மண்வெட்டி பிடிச்சுப் பிடிச்சு மரத்துப்போன கை. அதுக்கு என்ன தெரியும்? புறங்கைதான் பொய் சொல்லாது" என்பாள். அந்த வலது புறங்கையில் ஒரு ரோமம் கிடையாது. எத்தனை சோப்பு போட்டாலும் சாம்பல் நிறம் போகாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சமாதானம் சொல்லிக் கை கொடுக்கும்போது அவள் நீட்டுவது இடது கையைத்தான். வெள்ளைச் சட்டைக்காரர்களின் நன்மைக்காக.

அவள் கொழுந்தன் மெலித்தோனுக்கு மண்ணைப் போட்டு நெருப்பை மூடுகிற பழக்கம். குழியில் சோளம் சுட்டு வளர்ந்த வம்சம். அவனைப் பிடித்து உலுக்கிவிடுவாள். "மண்ணைப் போட்டு மூடினா அணைஞ்சுதுன்னு அர்த்தமாடா? தூங்குது! நீ வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் எந்திரிச்சு உக்காந்துக்கும்!"

"அண்ணி, உங்க தொண்டையைக் கேட்டா செத்த நெருப்பே எந்திரிச்சுடும்" என்று அவன் வண்டிக்குள் ஓடிப்போய் உட்கார்ந்துகொள்வான்.

இவ்வளவு பேசுகிறவளுக்குக் காப்பி என்று ஒரு பலவீனம். காலை ஐந்து மணிக்கு ஓக் கட்டைக் கங்கில் நீல நிற எனாமல் கெட்டிலை வைத்து ஒரு கோப்பை குடித்துவிட்டு, மிச்சக் கங்கைச் சாம்பலால் நன்றாகப் போர்த்தி, கெட்டிலை அதன் மேலேயே உட்காரவைத்துவிட்டு வேலைக்குக் கிளம்புவாள். பத்து மணிக்கு வந்து ஊற்றினால் நாக்கைச் சுடும். குடித்து முடித்த கையோடு அணைத்துவிடுவாள். இருபத்திரண்டு வருஷமாக ஒரு நாள் தவறியதில்லை.

இந்தக் கோடையில்தான் அவளுக்குச் சோதனை வந்தது. போன வருஷம் எதிர் மேடு எரிந்து கறுத்துக் கிடக்கிறது. இந்த வருஷமும் மழை ஏமாற்றிவிட்டது. ஜூலையில் ரேஞ்சர் ஹாலோரன் பள்ளத்தாக்கு மண்டபத்தில் கூட்டம் போட்டார். ஒஹாயோவிலிருந்து வந்த மனிதர், முப்பத்து நாலு வயசு, நல்ல பிள்ளை, சட்டப் புத்தகத்தைத் தலையணையாக வைத்துத் தூங்குகிற ரகம். "முகாம்ல அணைக்காம விட்டுட்டுப் போன நெருப்பு இதுவரைக்கும் ஒன்பது. சீசன் முடியறதுக்குள்ள பத்து ஆச்சுன்னா, இருபத்துநாலு வளையத்தையும் பிடுங்கிடுவேன். அடுத்த வருஷத்துலேருந்து அங்க தீக்குச்சி கிழிக்கக்கூடாது" என்றார்.

மண்டபம் கொந்தளித்தது. செப்டம்பர் முதல் திங்கள் விடுமுறைக்குப் பள்ளத்தாக்கே மேலே ஏறிப்போய் மிளகாய் சுட்டு, ஆட்டுக்கறி வாட்டி, மூன்று நாள் கிடக்கிற இடம் அது. நெருப்பில்லாமல் அங்கே போய் என்ன செய்வது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பதா? அப்போதுதான் வேவா பின்வரிசையில் எழுந்து நின்றாள். "பத்தாவது வராது. நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். சொன்ன பிறகு அவளுக்கு ராத்திரித் தூக்கம் போய்விட்டது. நிஜமாகவே பயந்துதான் போயிருந்தாள்.

அந்த மாதக் கடைசியில் வெர்லன் என்ற டெக்ஸஸ்காரர், அரை டப்பா பீரை அடுப்பில் ஊற்றிவிட்டு வண்டியைக் கிளப்பினார். வேவா மண்வெட்டியோடு வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"இது பத்தாவதா, மேடம்?" என்று வெர்லன் சிரித்தார்.

"ஆள் கிளம்பாத வரைக்கும் அது உங்க நெருப்பு. கிளம்பினாத்தான் என் கணக்கு. இறங்குங்க டெக்ஸஸ். பம்பு அந்தப் பக்கம்."

பதினோரு வாளி சுமந்தார் அந்த மனிதர். அறுபது அடி தூரத்துக் கைப்பம்பு, கர்ர் கர்ர் என்று கத்துகிற பம்பு. கடைசியில் புறங்கையை விடச் சொன்னாள். விட்டார். இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார் என்று எல்லோரும் நினைத்தோம். விடுமுறைக்கு முதல் ஆளாக வந்து இறங்கினார், தன் பெயர் எழுதிய சொந்த வாளியோடு.

அந்தத் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வேவா முதல் இடத்தில் முழங்கால் போட்டாள். பகல் பன்னிரண்டு மணிக்கு முகாம் காலியாக வேண்டும். "செத்துடுச்சு", "செத்துடுச்சு", "மூச்சு இருக்கு, வாளி எங்க?" என்று வரிசையாகத் தீர்ப்பு வந்தது. ஏழாம் இடத்தில் ஒரு தாத்தா, "கொஞ்சூண்டு வெதுவெதுப்புதானே தாயி" என்று கெஞ்சினார். "கொஞ்சூண்டு கர்ப்பம்னு ஒண்ணு உண்டா?" என்று கேட்டு இரண்டு வாளி ஊற்றவைத்தாள். பதினோரு மணிக்கு மெலித்தோனின் இடம். அவன் மண்ணே போடவில்லை. சாம்பல் குளிர்ந்து சேறாகக் கிடந்தது. வேவாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "போடா" என்று மட்டும் சொன்னாள்.

பதினொன்றரைக்கு இருபத்து மூன்றாவது இடத்திலிருந்து கையை உருவினாள். செத்துவிட்டது. எல்லாமே செத்துவிட்டது. கிளம்ப வேண்டியவர்கள் யாரும் கிளம்பவில்லை. சுட்ட மிளகாய் மூட்டைகளை வண்டியில் ஏற்றிவிட்டு, ரேஞ்சர் வாயால் கேட்டுவிட்டுத்தான் போவது என்று வழியோரம் நின்றார்கள்.

பச்சை வண்டி வந்தது. ஹாலோரன் எழுது அட்டையும் பேனாவுமாக இறங்கினார். வேவா அவரைக் கல்யாண வீட்டுக்கு வந்த சம்பந்தியைப் போலத் தன் இடத்துக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

"ஒன்பதேதான் தம்பி. நல்லா எழுதிக்குங்க. அதுக்கு முன்னால ஒரு வாய் காப்பி."

கெட்டிலைத் தூக்கிக் கோப்பையில் ஊற்றினாள். ஆவி புசுபுசுவென்று எழுந்தது. ஹாலோரன் கோப்பையைப் பார்த்தார். கெட்டில் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார்.

"வேவாம்மா, இந்தக் காப்பி எப்பப் போட்டது?"

"காலையில அஞ்சு மணிக்..."

வாய் பாதியில் நின்றது. பத்து மணிக் காப்பியை இன்று அவள் குடிக்கவே வரவில்லை. குனிந்து, சாம்பலுக்கு ஒரு சாண் மேலே புறங்கையைப் பிடித்தவள், வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

முதலில் சிரித்தது வெர்லன். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. மெலித்தோன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி! தூங்குதுன்னு சொல்லுவீங்களே, எழுப்புங்க அதை!" என்று கத்தினான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது.

"அது அவங்க வீட்டு அடுப்புங்க. கணக்குல வராது" என்றான் மெலித்தோன், ரேஞ்சரிடம் இப்போது குரலை இறக்கி.

"ஏன் வராது?" என்றாள் வேவா. "இருபத்துநாலு வளையத்துல இதுவும் ஒண்ணு. ஏழு மணியிலேருந்து நான் இங்க இல்ல. எழுதுங்க தம்பி. பத்து."

"ஐயோ, வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா!" என்று பதறினான் மெலித்தோன்.

ஹாலோரன் பேனாவைத் திறந்தார், மூடினார். "ஜூலையில வெர்லன்கிட்ட நீங்க என்ன சொன்னீங்க? ஆள் கிளம்பாத வரைக்கும் அது அவர் நெருப்புன்னு. நீங்களும் இன்னும் முகாமை விட்டுக் கிளம்பல. முகாம் காலி பண்ற நேரம் பன்னிரண்டு. இப்ப பதினொன்னே முக்கால். பன்னிரண்டுக்குச் சூடு இருந்தா பத்து. அதுல மாத்தம் இல்ல."

அடுத்த நொடி பம்பு கர்ர் கர்ர் என்று கத்த ஆரம்பித்தது. வாளி, குக்கர், ஐஸ் பெட்டி, ஒருவர் கையில் குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி. வரிசையாக நின்று கைமாற்றினார்கள். வெர்லன் இடுப்பில் கைவைத்து அடுப்பருகே நின்றுகொண்டார்.

"அரை வாளி! கிளறு! என்ன மேடம், வேடிக்கை பாக்கறீங்க? மண்வெட்டியை எடுங்க! மறுபடி அரை வாளி!" வேவாவின் குரல், அவள் இழுப்பு, எல்லாம் அப்படியே. வேவா மறுபேச்சில்லாமல் கிளறினாள். கோடை முழுக்கச் சேர்ந்த சாம்பல். அடியில் ஓக் கங்கு ஒவ்வொன்றும் முஷ்டி கனத்துக்குச் சிவப்பாகத் திறந்தது. புஸ் என்றது, கறுத்தது. அடுத்தது திறந்தது.

ஒன்பதாவது வாளியில் ஆவி நின்றது.

"செத்துடுச்சு!" என்று வெர்லன் தீர்ப்புச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். யாரோ தொப்பியைத் தூக்கிப் போட்டார்கள்.

ஹாலோரன் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நிமிஷம் மீதி. "நான் கை வைக்கல. நீங்க பாத்துச் சொல்லுங்க வேவாம்மா. உங்க கை சொன்னா எனக்குப் போதும். எழுதிட்டுப் போறேன்."

வேவா முழங்கால் இரண்டையும் ஊன்றினாள். ஒரு சாண். இரண்டு விரற்கடை. பிறகு மணிக்கட்டு முங்கும்வரை. கண்ணை மூடிக்கொண்டாள். எங்கும் குளிர்ந்த சேறு. முன்பக்கம் குளிர்ச்சி, நடுவில் குளிர்ச்சி. பின்பக்க இரும்போரம் மட்டும், சுண்டுவிரல் முட்டிக்குக் கீழே, ஒரு கோழிக்குஞ்சு அளவு வெதுவெதுப்பு. விட்டால் தானாகவே ஆறிவிடும். ஆறாமலும் போகலாம். இத்தனை பேரில் அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'செத்துடுச்சு' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"மூச்சு இருக்கு" என்றாள்.

"அடக் கடவுளே!" என்று கூட்டம் தலையில் அடித்துக்கொண்டது. "அண்ணி, மணி பன்னிரண்டு ஆகப்போகுது!" என்று பம்படியிலிருந்து மெலித்தோன் அலறினான். ரேஞ்சர் ஹாலோரன் சட்டைக் கையை மெதுவாக இழுத்துக் கடிகாரத்தின் மேல் விட்டுக்கொண்டார்.

வேவா அதைப் பார்க்கவில்லை. மூடிய கண்ணைத் திறக்காமல், வலது கையைச் சாம்பலிலிருந்து எடுக்காமல், அடுத்த வாளிக்காக இடது கையைப் பின்னால் நீட்டி, விரல்களை வெடுக் வெடுக்கென்று மடக்கிக் காட்டினாள்.