சிவப்பு நிக்குது

நிக்குதண்ணன் பயந்த மனிதர். சும்மா சொல்லவில்லை. வீட்டைப் பூட்டினால் பூட்டை நாலு தரம் இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போனவர் திரும்பி வந்து ஐந்தாவது தரமும் இழுப்பார். "ஒருநாள் பூட்டு கையோட வந்துடப்போகுது பாருங்க" என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். சிமெண்ட் ஆலைக்காரர்கள் தங்கள் புகைபோக்கி விளக்கை இவரிடம் ஒப்படைத்தார்கள் என்றால், சரியான ஆளைத்தான் பிடித்தார்கள்.

புகைபோக்கி நூறு மீட்டர் உயரம். உச்சியில் ஒரே ஒரு சிவப்பு விளக்கு. ஆலைக்கு அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரி. மலை ஊர்களிலிருந்து நோயாளிகளைத் தூக்கி வரும் ஹெலிகாப்டர் அங்கேதான் இறங்கும். இருட்டில் அது புகைபோக்கியில் மோதாமலிருக்க அந்த விளக்கை விட்டால் வேறு துணை கிடையாது. அதனால் தினமும் சாயங்காலம் ஆறரைக்கு ஆஸ்பத்திரி வயர்லெஸ்காரர் ஃபோன் போடுவார்.

"அண்ணே, சிவப்பு நிக்குதா?"

எலெக்ட்ரீஷியனான நம்மவர் புகைபோக்கியின் அடியில் நின்று, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்து, "நிக்குது" என்பார். இருபத்தாறு வருடமாக இதே பதில். கடைசியில் அவருடைய சொந்தப் பெயரே ஆலையில் யாருக்கும் ஞாபகமில்லாமல் போய்விட்டது.

மகள் நர்சுக்குப் படித்து அதே ஹெலிகாப்டரில் வேலைக்குச் சேர்ந்த அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"வேற எடமே கெடைக்கலையாம்மா உனக்கு?"

"உங்க விளக்கு இருக்குல்லப்பா, அப்புறம் என்ன பயம்?" என்று அவள் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு பனிக்காலத்துச் சாயங்காலம் அவருக்கு முழங்கால் வீங்கி, காலைக் கீழே ஊன்ற முடியவில்லை. கேட்டிலிருந்து புகைபோக்கி அடிக்கு அரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஒரு நாள்தானே என்று கேட் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தபடியே பார்த்தார். ஆலைத் தூசி படிந்து விளக்குக் கண்ணாடி எப்போதும் மங்கல்தான்; தூரத்திலிருந்து பார்த்தால் கடுகளவு தெரியும். அன்றும் உச்சியில் கடுகளவு சிவப்பு தெரிந்தது. ஃபோன் அடித்தது.

"நிக்குதாண்ணே? ஏழு மணிக்கு உங்க பொண்ணு வருது."

"நிக்குது."

டீ குடித்தார். முழங்காலுக்குத் தைலம் தேய்த்தார். இருபது நிமிடம் போயிருக்கும். பூட்டு இழுக்கிற பழக்கம் விடுமா? இன்னொரு தரம் அண்ணாந்து பார்த்தார்.

சிவப்பு புகைபோக்கிக்கு மேலே மூன்று விரற்கடை உயரத்தில், வெறும் வானத்தில் இருந்தது.

அவருக்கு முதலில் புரியவில்லை. விளக்கு எப்படிக் கழன்று மேலே போகும்? அப்புறம்தான் புரிந்தது. அது திருவாதிரை நட்சத்திரம். சூரியன் இருக்கிற இடத்தில் கொண்டுபோய் வைத்தால் நம் பூமியையும் தாண்டி விழுங்கிவிடும் அளவுக்கு ஊதிப்போன செந்நிற ராட்சசன். அந்த வெளிச்சம் கிளம்பியே பல நூறு வருடம் ஆகிறது. அத்தனை வருடம் பயணம் செய்து வந்த பாவி, சரியாக இவர் சோம்பல்பட்ட சாயங்காலமாகப் பார்த்து, புகைபோக்கி உச்சியில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறான். விளக்கு எப்போது அணைந்ததோ, யாருக்குத் தெரியும்!

ஃபோன் போட்டார். "தம்பி, நிக்கல."

"என்னண்ணே நிக்கல?"

"சிவப்பு நிக்கல. மேல போகுது. நான் பாத்தது விளக்கு இல்லப்பா, நட்சத்திரம்!"

"அண்ணே, விளையாடாதீங்க."

"எம்பொண்ணு அதுல இருக்காடா! சொல்லுடா அவங்ககிட்ட!"

இருபத்தாறு வருடத்தில் அவர் யாரையும் 'டா' போட்டதில்லை. வயர்லெஸ்காரர் ஹெலிகாப்டரைக் கூப்பிட்டார், கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். "மலை மறைக்குதுண்ணே. லைன் போகல" என்றார்.

அதற்குள் தூரத்தில் படபடவென்று சத்தம் கேட்டுவிட்டது. மேலே ஏறி பல்பு மாற்ற முக்கால் மணி நேரமாகும். அவர் கண்ணில் பட்டது கேட்டுக்கு மேலே லாரிகளுக்காக எரியும் ஃபோகஸ் லைட். முழங்காலாவது மண்ணாவது! ஏணியில் தொற்றி ஏறினார். கொதிக்கிற தகட்டை வெறுங்கையால் பிடித்து, தரையைப் பார்த்த விளக்கை வானத்துப் பக்கம் திருகினார். உள்ளங்கைத் தோல் தகட்டோடு ஒட்டியது. விடவில்லை. இருட்டுக்குள்ளிருந்து புகைபோக்கியின் சாம்பல் உடம்பு மெல்ல எழுந்து நின்றது.

சத்தம் நேராக அதை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது. "திரும்பு, திரும்பு, தாயே திரும்பு" என்று கத்தினார். சத்தம் சட்டென்று சாய்ந்தது, விலகியது, ஆஸ்பத்திரிப் பக்கம் போய் அடங்கியது.

எட்டு மணிக்கு மகள் ஆலைக்கே வந்துவிட்டாள். அவர் ஆலை அறையில் விளக்குப் பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தார். 'எரிகிறது' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'எரியவில்லை. நான் அருகில் போய்ப் பார்க்கவில்லை' என்று எழுதிக்கொண்டிருந்தார். வேலை போனாலும் போகட்டும் என்று ஆகிவிட்டது. வெந்த கையில் பேனா நிற்கவில்லை.

அவள் அவர் கையை இழுத்து மருந்து வைத்தாள். கட்டுப் போட்டு முடித்தாள்.

"உங்க பைலட்டுக்குக் கண்ணு இல்லையா? விளக்கு இல்லன்னு தெரிய வேணாம்?" என்று அவர்தான் ஆரம்பித்தார்.

"அவரு கேட்டாருப்பா, சிவப்பு தெரியலையேன்னு." அவள் கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டாள். "நான்தான் வானத்துல ஒண்ணைக் காட்டினேன். 'அதோ, எங்கப்பா விளக்கு, அதுக்கு இந்தப் பக்கமா போங்க'ன்னேன்."