மெட்ராஸில் இறங்கியவர்

படம் ஓடாவிட்டால் திட்டு வாங்குபவர் கொட்டகை ஆபரேட்டர். ஓடினாலும் திட்டு வாங்குபவர் சர்க்கார் பட வண்டி ஆபரேட்டர். இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்களில் கள்ளக்குறிச்சிப் பக்கம் நான் இரண்டாவது ரகம். கையிலிருந்ததெல்லாம் உலக யுத்த காலத்துப் பழைய செய்திப்படச் சுருள்கள். கப்பல், துறைமுகம், குண்டு வீச்சு, மறுபடியும் கப்பல். இங்கிலீஷில் ஒருவர் விடாமல் பேசுவார். அவர் சத்தத்தைக் குறைத்துவிட்டு நான் மைக்கில் தமிழில் சொல்ல வேண்டும். என்னைப் போல மைக்கைப் பிடித்துக் காலம் தள்ளியவர்களுக்கு மீதியை விளக்க வேண்டியதில்லை.

மலைக்குப் போன கப்பல்

கல்வராயன் மலையில் பாதிப் பாதைக்கு மேல் ஜீப் ஏறாது. புரொஜக்டரையும் ஜெனரேட்டரையும் ஆள் வைத்துத் தூக்கிப்போய், சாமை அறுத்த காட்டில் திரை கட்டினோம். ஒரு கப்பல் குண்டடிபட்டு மூழ்கியது. எல்லாரும் "ஐயோ பாவம்" என்றார்கள். அடுத்து ஒரு பெரிய சரக்குக் கப்பல் துறைமுகத்துக்குள் வந்தது. கடலையே பார்த்திராத சனம், வாயைப் பிளக்கும் என்று நினைத்தேன்.

முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்துவிட்டாள். பிரசவ வலி வந்த மருமகளைப் போன மாதம் தூளி கட்டித் தூக்கிப்போய், வழியிலேயே பறிகொடுத்தவளாம். என்னைப் பார்த்துக் கேட்டாள்: "தண்ணி மேலயே இம்மாம் பெரிய வண்டி வுடுறீங்களே, எங்க மலைக்கு ஒரு பஸ்ஸு வுட முடியலியா?"

ஆலை வாசலில்

மூங்கில்துறைப்பட்டில் சர்க்கரை ஆலைக்கு வெளியே, கரும்பு வண்டிகளுக்கு நடுவில் படம் போட்டேன். அன்றைக்குப் பார்த்து மைக் வேலை செய்யவில்லை. இங்கிலீஷ்காரர் பாட்டுக்குப் பேசினார். அகதிகள் கப்பலிலிருந்து இறங்கும் காட்சியில், தகரப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவர் படியிறங்கினார். "டேய், நம்ம ராமலிங்கம் மாதிரியே இருக்காண்டா!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

ராமலிங்கம் ஆலைத் தொழிலாளி. அவர் வயிற்றில் இருக்கும்போதே அப்பா ரங்கூனுக்குக் கப்பலேறியவர். யுத்தம் வந்தது, கடிதம் நின்றது. போட்டோகூடக் கிடையாது. செத்த சேதி வராததால், களமருதூரில் அம்மா இன்னும் தாலியோடும் பொட்டோடும் இருக்கிறார். இப்போது படுத்த படுக்கை. ராமலிங்கம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எங்கம்மா ஒரு வாட்டி பாத்து ஆமான்னு சொல்லிட்டா போதும் சார். எனக்கும் ஒரு அப்பன் இருந்தான்னு ஆயிடும்."

சாலையில் புளியமரம்

களமருதூருக்குக் கிளம்பிய அன்று உளுந்தூர்பேட்டைச் சாலையில் போராட்டக்காரர்கள் வெட்டிப்போட்ட மரங்கள் வரிசையாகக் கிடந்தன. சர்க்கார் வண்டி என்றதும் சூழ்ந்துகொண்டார்கள். கண்ணாடி போயிற்று. ராமலிங்கம் இறங்கி ஒவ்வொருவர் காலிலும் விழாத குறையாகக் கெஞ்சினார். "அம்மா உசுரு போயிடுமுங்க, வழி வுடுங்க" என்றார்.

கோடாலி வைத்திருந்தவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு பக்கக் கிளைகளைக் கழித்து வழிவிட்டார். பி.ஏ. படித்துவிட்டுக் களை பறிக்கப் போகிறவராம். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை, அவருக்கும் என் மேல் இல்லை. "எங்க தாத்தா காலத்து மரம் சார், வெட்டறப்ப எனக்கும் வயிறு எரியுது. சும்மா கேட்டா எவன் காதுல வுழுது?"

களமருதூரில்

அந்த அம்மாவைக் கட்டிலோடு தூக்கிவந்து திரைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். ஊரே கூடியிருந்தது. திரையில் தகரப்பெட்டிக்காரர் படியிறங்கினார். "இன்னொரு வாட்டி போடுப்பா" என்றார் அந்த அம்மா. போட்டேன். "அவருதான். சுமை தூக்குனா எடது காலை இழுத்துக்கினுதான் நடப்பாரு." ராமலிங்கம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பாழாய்ப்போன இந்த வேலையில் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று பூரித்துப்போனேன்.

"இது எந்த ஊரு தம்பி?" என்று அந்த அம்மா கேட்டார். பழக்கதோஷம், மைக்கிலேயே சொன்னேன், ஊருக்கே கேட்கும்படி: "ரங்கூனிலிருந்து உயிர் தப்பி, மெட்ராஸ் துறைமுகத்தில் வந்து இறங்குகிறார்கள்." கைதட்டினார்கள். அப்புறம் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். மெட்ராஸிலிருந்து களமருதூர் ஒரு ராத்திரிப் பயணம்தான். அந்த அம்மா தாலியைக் கையில் பிடித்தபடி வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகனிடம் சொன்னார்: "மெட்ராஸு வரைக்கும் வந்துட்டாராடா? அப்ப ரோட்டுல எவனும் மரம் வெட்டிப் போடலியே."

மூழ்குகிற கப்பலைக் காட்டினால் சனங்கள் "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனார்கள். கரை சேர்ந்த கப்பலைக் காட்டத்தான் அதற்கப்புறம் எனக்கு மனசு வரவில்லை.