ஏடிஎம் வாசலில் ஒரு கைப்பிடி

அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்த ஏடிஎம் வாசலில் ஒரு கைப்பிடிக் கம்பி இருக்கிறது. எங்கள் கம்பெனியில் மிச்சமான குழாய்தான். வங்கி பெயர்ப்பலகையையும் பெயிண்டையும் எத்தனையோ முறை மாற்றிவிட்டது. கம்பி மட்டும் அதேதான். கோணலாக வைத்த வெல்டிங் இன்னும் உள்ளங்கையில் தட்டுப்படும். அதைப் பிடிக்கும்போதெல்லாம், மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் பிரிவில் எனக்குப் பக்கத்து மேஜையில் இருந்த அக்காவின் நினைவு வந்துவிடும்.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் சம்பளம் கவரிலிருந்து வங்கிக்கு மாறியது. ஆளுக்கொரு கார்டு, ஆளுக்கொரு ரகசிய எண். ரகசியமெல்லாம் எங்களுக்குத்தான், அக்காவுக்கு இல்லை. சின்ன வயதில் வந்த போலியோவால் இரண்டு காலிலும் இரும்புக் காலிபர், இரண்டு கையிலும் ஊன்றுகோல். ஏடிஎம்முக்கோ வழுவழுவென்று மூன்று படி, பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. அதனால் அந்தப் பக்கம் யார் போனாலும் கார்டைக் கொடுத்து, எண்ணையும் சொல்லி அனுப்புவாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவளுக்கு கேன்டீன் எங்கே என்று தெரிவதற்குமுன் அக்காவின் எண் தெரிந்துவிடும். இதில் யாருக்கும் தப்பு எதுவும் தோன்றவில்லை. ஒத்தாசை செய்கிறோம் என்றுதான் நினைத்தோம்.

ஒரு மாதம் பாஸ்புக்கில் வரவுசெலவைப் பதிந்து வாங்கி வந்தபோது, அவள் எடுக்கச் சொல்லாத பணம் இரண்டு முறை போயிருந்தது. தங்கையின் பிரசவத்துக்கென்று வைத்திருந்த பணம். அக்கா யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து உட்கார்ந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை. எண் தெரிந்த அத்தனை பேரும் திருடர்களாகிவிட்டோம். எனக்கு ஆத்திரமாக வந்தது; யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அக்காவோடு வங்கிக்குப் போனேன். மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். "நம்பரை நீங்களே சொல்லியிருக்கீங்கம்மா, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது. உங்களுக்கு எதுக்கு இந்தக் கார்டு? ரத்து பண்ணிட்டு கவுண்டர்லயே வந்து வாங்கிக்குங்க. உங்க பாதுகாப்புக்குத்தான் சொல்றேன்."

கவுண்டர் திறந்திருக்கும் நேரமெல்லாம் எங்களுக்கு ஷிப்ட். போகும்போதெல்லாம் அரை நாள் கூலி போகும். அக்கா ஊன்றுகோலை அவர் மேஜையில் சாய்த்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "கார்டு என்கிட்டயே இருக்கட்டும் சார். புது நம்பர் குடுங்க. அந்தப் படிதான் என் நம்பர ஊரு பூரா சொல்ல வச்சுது. அதுக்கு ஒரு கைப்பிடி வைங்க."

புது எண்ணுக்குச் சம்மதித்தார். கைப்பிடிக்கு மேலிடத்தில் கேட்கிறேன் என்றார். கேட்டுக்கொண்டே இருந்தார்.

எங்கள் ஃபிட்டர் அண்ணனும் எண் தெரிந்தவர்களில் ஒருவர். "மேலிடம் எறங்கி வர்றதுக்குள்ள யக்காவுக்கு வயசாயிடும். நம்ம கைல வெல்டிங் மிஷின் கீது, பைப்பு கீது. இன்னும் இன்னா ஓணும்?" என்றார். ஏடிஎம் இருந்த கட்டடத்தின் சொந்தக்காரரைக் கேட்டோம். "கம்பிதான, வச்சுக்கினு போங்க" என்று சொல்லி, தன் கடையிலிருந்து கரண்டும் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை, கூப்பிடாமலே, எண் தெரிந்த எல்லோரும் வந்துவிட்டார்கள். பணத்தை எடுத்த ஆளும் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கலாம். இருந்தால் குழாயைத் தாங்கிப் பிடிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

புது எண் ஒட்டிய உறையில் வந்தது. அக்கா அதை எங்கள் எதிரில் பிரிக்கவில்லை. சம்பளத்தன்று ஒரு ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்து மூன்று படியும் ஏறினாள். துணைக்கு நானும் பின்னாலேயே போனேன்.

"நீ எங்கடி வர்ற? வெளிய நில்லு."

கதவு சாத்திக்கொண்டது. பிரசவ வார்டுக்கு வெளியே நிற்பவர்கள் மாதிரி நாங்கள் தெருவில் நின்றோம். உள்ளே மெஷின் நோட்டு எண்ணும் சத்தம் கேட்டது. அக்கா வெளியே வந்து நோட்டுகளைத் தூக்கிக் காட்டியபோது ஃபிட்டர் அண்ணன் அடித்த விசிலில் போகிற பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. போன பணம் கடைசிவரை வரவில்லை. ஆனால் மறுநாள் கேன்டீனில் பழைய இரைச்சல் திரும்பிவிட்டது. அடுத்த வாரம், மேலிடத்தில் கேட்டுக்கொண்டிருந்த அதே மேலாளர் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் படியேறினார். பார்த்து எனக்கு வயிறு குளிர்ந்தது.

அக்கா இப்போது நெமிலிச்சேரியில் தங்கை வீட்டோடு இருக்கிறாள். போன வாரம், முட்டி வலியோடு அதே கம்பியைப் பிடித்து நான் ஏறினேன். மெஷின் எண்ணைக் கேட்டதும் முதலில் ஞாபகத்துக்கு வந்தது அக்காவின் பழைய எண்தான். இன்னும் மறக்கவில்லை. புது எண் எனக்குத் தெரியாது. இத்தனை வருடப் பழக்கத்தில் அதை மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை.