தொட்டுப் பழகலாமுங்களா?

பக்கவாதத்தில் என் வீட்டுக்காரருக்கு வலது கை விழுந்துபோனது. கோவை ஆஸ்பத்திரியில் யார் வந்தாலும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

பிசியோதெரபி கல்லூரி டீச்சர் ஒருவர் மாணவிகளோடு வருவார். குள்ளமான உருவம், நரைத்த கொண்டை. உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிய பிறகுதான் நோயாளியைத் தொடுவார்.

ஒருநாள் ஒரு மாணவி என் வீட்டுக்காரரிடம், "கையைத் தூக்கு" என்றாள்.

"தூக்குங்கன்னு சொல்லு கண்ணு. வாதம் கைக்குத்தான் வந்திருக்குது, அவிய மரியாதைக்கு வரலை" என்றார் டீச்சர். பிறகு இவர் பக்கம் குனிந்து, "ஏனுங்க, இந்தப் புள்ளைங்க உங்க கையைத் தொட்டுப் பழகலாமுங்களா?" என்று கேட்டார்.

வீட்டுக்காரர் மெல்லத் திரும்பினார். இடது கையால் வலது கையை எடுத்து அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

சாமியிடம் நான் கேட்டதெல்லாம் கை அசைய வேண்டும் என்றுதான். முதலில் திரும்ப வேண்டியது மனுசனின் முகம் என்று டீச்சரிடம் சாமியே சொல்லியனுப்பினாரோ என்னவோ, எனக்கு இன்னும் விளங்கவில்லை.