சுண்ணாம்பு வளையம்

எழுபதுகளின் கடைசி. மலேசியாவின் ஈப்போ டவுனில் பிறந்து வளர்ந்த நான், டவுனுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டப் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். பிப்ரவரியில் ரப்பர் மரங்கள் மொத்தமாக இலை உதிர்க்கும். தோட்டத்தில் அதை ‘விண்டரிங்’ என்பார்கள். இந்த வெயிலில் என்ன குளிர்காலம் என்று எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் மொட்டைக் கிளைகளில் பறவைகள் பளிச்சென்று தெரிந்தன. பள்ளி விட்டதும் நோட்டும் கையுமாகச் சுற்றி, கண்ணில் பட்டதையெல்லாம் எழுதிவைத்தேன்.

அங்கே பால் வெட்டும் அக்கா ஒருவர், பொந்து விழுந்த கிழட்டு மரத்தைக் காட்டினார்.

“உள்ள பொம்பளப் பறவ இருக்கு டீச்சர். வாசல மண்ணு வச்சு அடைச்சிக்கிச்சு. ஆம்பளதான் பழம் கொண்டாந்து ஊட்டுது.”

இருவாச்சி! எனக்குத் தலைகால் புரியவில்லை. தளிர் விட்டால் மரம் அடையாளம் தெரியாதே என்று அடிமரத்தில் சுண்ணாம்பால் ஒரு வளையம் போட்டேன்.

வெள்ளிக்கிழமை கங்காணி பேச்சுவாக்கில் சொன்னார்: “சுண்ணாம்பு போட்ட மரமெல்லாம் திங்கக்கெழம வெட்டுறாங்க டீச்சர்.”

தோட்டத்தில் மரம் வெட்டுவதென்றால் பட்டையைக் கீறிப் பால் எடுப்பது. வந்த புதிதில் அது புரியாமல் விழித்து, எல்லாரும் கேலி செய்த பிறகு கற்றுக்கொண்ட சொல். இப்போது எனக்கா தெரியாது? பெரிய மனுஷி மாதிரி தலையாட்டினேன்.

திங்கட்கிழமை பாடம் நடத்தும்போது ரம்பச் சத்தம் கேட்டது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

சாயங்காலம் போனபோது மரம் சாய்ந்து கிடந்தது. பிளந்த பொந்துக்குள் தாயும் இரண்டு குஞ்சுகளும் செத்துக் கிடந்தன. பக்கத்தில் அக்கா குந்தியிருந்தார்.

“பட்டுப்போன மரத்துக்குத்தான் சுண்ணாம்பு போடுவாங்க. இதுக்கு யாரு போட்டா?”

“நான்தான்க்கா.”

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருக்கலாம்.

“நீங்க டவுனு ஆளு. ஒங்களுக்கு எப்படித் தெரியும்லா” என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்து ஆண் பறவை வந்தது. அலகில் பழம். மரம் இருந்த இடத்தையே சுற்றிச் சுற்றிப் பறந்து, பக்கத்துக் கிளையில் உட்கார்ந்தது. பழத்தை அது கீழே போடவில்லை. நான்கு நாள் இப்படியே வந்தது. ஐந்தாம் நாள் காணோம்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. தெரிந்த சொல்தானே என்று தலையாட்டாமல், “எதுக்கு வெட்டுறாங்க?” என்று அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்தப் பழம் சேர வேண்டிய வாயில் சேர்ந்திருக்கும்.